நிப்பிள்ல கிரீஸ் அடிச்சாச்சு, அப்புறம் ஏன் பிரேக் புடிக்கல?

கேள்வி: அண்ணா, போன வருஷம் வண்டிக்கு பின்னாடி மாட்டி இழுக்கற, ரெண்டு ஆக்சில் வச்ச டிராவல் டிரெய்லர் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். வித்தவர், "சக்கரத்து நடுவுல இருக்கற ஹப்ல கிரீஸ் அடிக்கற நிப்பிள் இருக்கு, ஒவ்வொரு டிரிப்புக்கு முன்னாடியும் கிரீஸ் அடிச்சுடுங்க, வேற ஒண்ணும் பாக்க வேணாம்"னு சொன்னார். நானும் பேட்டரி கிரீஸ் கன் வாங்கி அப்படியே பண்ணிட்டு இருக்கேன். போன டிரிப்புல பிரேக் போட்டா வண்டி வலது பக்கமா இழுத்துச்சு. இறங்கி பாத்தா இடது பின் சக்கரத்துக்கு உள்பக்கம் ரிம் முழுக்க கிரீஸ். வலது முன் சக்கரம் வேற மத்ததை விட பயங்கர சூடு, கை வைக்க முடியல. இவ்வளவு கிரீஸ் அடிச்சும் ஏன் இப்படி? எந்த கிரீஸ் போடணும், நட்டு எவ்வளவு டைட் பண்ணணும், எவ்வளவு சூடு வரைக்கும் சரி? நானே பிரிச்சு பாக்கலாமா? அடுத்த மாசம் லீவுக்கு குடும்பத்தோட கிளம்பணும்.

பதில்:

தம்பி, உங்க லெட்டர்ல ரெண்டு தனித்தனி கம்ப்ளெயின்ட் இருக்கு, நீங்க ரெண்டையும் ஒண்ணா சேத்து கிரீஸ் பிரச்சனைன்னு எழுதியிருக்கீங்க. இடது பின் சக்கரத்துல கிரீஸ், அதை வெளிய விடாம தடுக்கற ரப்பர் உதடு வச்ச சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள்ள போயிடுச்சு, பிரேக் ஷூவெல்லாம் நனைஞ்சு அந்த ஒரு சக்கரம் பிரேக் புடிக்கல, அதனாலதான் வண்டி எதிர்ப்பக்கம் வலது பக்கமா இழுக்குது. வலது முன் சக்கரம் சூடாகறது வேற கேஸ். ஒரு சக்கரம் பிரேக் புடிக்கலன்னா மீதி மூணும் அந்த வேலையை பாக்கும், மூணும் கொஞ்சம் கூடுதலா சூடாகும், அது வரைக்கும் புரியுது. ஆனா அதுல ஒண்ணு மட்டும் கை வைக்க முடியாத அளவுக்கு போகுதுன்னா அங்க பேரிங் நட்டு டைட்டா இருக்கலாம், பேரிங் தேஞ்சிருக்கலாம், இல்ல பிரேக் ஷூ விடாம ஒட்டிக்கிட்டே ஓடலாம். மூணுல எதுன்னு கிரீஸ் கன் வச்சு கண்டுபிடிக்க முடியாது, பிரிச்சாதான் தெரியும். வித்தவர் சொன்னதுல எனக்கு கோவம் வர்ற இடமே அந்த "வேற ஒண்ணும் பாக்க வேணாம்"தான், நிப்பிள் இருக்கற வண்டி வச்சிருக்கறவங்க பாதி பேர் இதே வசனத்தை சொல்லிக்கிட்டுதான் வர்றாங்க.

முதல்ல அந்த நிப்பிள் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கோங்க, அப்ப தப்பு எங்க நடந்துச்சுன்னு உங்களுக்கே புரிஞ்சிடும். ஹப்போட வெளிப்பக்கம், அதாவது முன்னாடி, இருக்கற ரப்பர் மூடியை எடுத்தா ஸ்பிண்டில், அதாவது சக்கரம் சுத்தற ஆக்சில் தண்டு, அதோட முனையில நிப்பிள் தெரியும். அங்க அடிக்கற கிரீஸ் ஸ்பிண்டிலுக்கு நடுவுல இருக்கற ஓட்டை வழியா பின்னாடி போயி, சீலுக்கும் உள் பேரிங்குக்கும் நடுவுல வெளிய வரும். அங்கேருந்து உள் பேரிங்குக்குள்ள புகுந்து, ஹப் வயித்தை நிரப்பி, வெளி பேரிங் வழியா முன்னாடி வந்து, நிப்பிளைச் சுத்தி பழைய கிரீஸா பிதுங்கி வரணும். டிசைன் நல்ல டிசைன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா கவனிச்சீங்களா, கிரீஸ் முதல்ல வெளிய வர்ற இடம் சீலுக்கு பக்கத்துல. முன்னாடி போற பாதையில ரெண்டு பேரிங், நடுவுல பழைய கெட்டியான கிரீஸ். பின்னாடி போக ஒரே ஒரு ரப்பர் உதடு. சக்கரத்தை தூக்காம, சுத்தாம, பேட்டரி கன்ல சர்ருனு அடிச்சா கிரீஸுக்கு எந்தப் பக்கம் வழி சுலபம்னு நீங்களே சொல்லுங்க.

அதனால நிப்பிள்ல அடிக்கறதா இருந்தா கை கிரீஸ் கன் மட்டும், சக்கரம் தரையை விட்டு தூக்கியிருக்கணும், ஒருத்தர் சக்கரத்தை மெதுவா சுத்திக்கிட்டே இருக்கணும், இன்னொருத்தர் நிதானமா பம்ப் பண்ணணும். கன் திடீர்னு கெட்டியா எதிர்த்தா நிறுத்திடுங்க, அதுக்கு மேல தம் கட்டி அமுக்காதீங்க. ஹப் உள்ள காலியா இருந்தா முதல் தடவை ரொம்பவே கிரீஸ் இழுக்கும், ஆளுங்க அதைப் பாத்து பயந்துடுவாங்க. ஆனா ஏற்கனவே நிரம்பின ஹப்புக்கு டிரிப்புக்கு டிரிப் அடிச்சா அது போக இடம் எங்க இருக்கு? உங்க இடது பின் சக்கரம் மாதிரி பிரேக்குக்குள்ளதான். பேட்டரி கன்னை வேற எதுக்காவது வச்சுக்கோங்க, இந்த பக்கம் கொண்டு வராதீங்க.

நான் என் வண்டிக்கு நிப்பிள் இருந்தும் அதுல அடிக்கறதில்ல. வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா பிரிச்சு கையால பேக் பண்றேன், அதாவது பேரிங்குக்குள்ள கையாலயே கிரீஸ் ஏத்தறேன். ஆக்சில் கம்பெனிங்க பொதுவா சொல்ற கணக்கும் 12 மாசம் இல்லேன்னா 12,000 மைல், அதாவது சுமார் 19,000 கிலோமீட்டர், எது முன்னாடி வருதோ அது. பெரும்பாலான டிராவல் டிரெய்லர் அவ்வளவு தூரம் ஓடவே ஓடாது, அதனால உங்களுக்கு 12 மாசம்தான் கணக்கு. "வண்டி சும்மாதானே நின்னுச்சு"ன்னு கேப்பீங்க. நிக்கற வண்டிக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி தம்பி. உள்ள காத்துல இருக்கற ஈரம் குளிருல வேர்த்து ரோலர் மேல உக்காரும், ரோலர் ஒரே இடத்துல மாசக்கணக்கா அழுந்தி நிக்கும், அந்த கோடு கோடான இடத்துல துரு புடிக்கும், அப்புறம் நீங்க ஓட்டறப்ப அந்த துருக் கோடு ஒவ்வொண்ணா பேந்து வரும். வண்டியை ரொம்ப நாள் நிறுத்தி வச்சிருந்தா நடுவுல ஒரு தடவை கொஞ்ச தூரம் இழுத்து சக்கரம் ரெண்டு சுத்து சுத்தற மாதிரி பண்ணுங்க, அதுவே நிறைய உதவும்.

பிரிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், உங்க ஆக்சில் எந்த வகைன்னு பாத்தீங்களா? நிப்பிள் இருக்குன்னா பிரிச்சு பேக் பண்ற சாதாரண டேப்பர் ரோலர் வகைதான், அதனால உங்களுக்கு பிரச்சனை இல்ல. இதை படிக்கற மத்தவங்களுக்காக சொல்றேன், சீல் பண்ணி வர்ற கார்ட்ரிட்ஜ் பேரிங் வகையும் இருக்கு, ஐரோப்பா கேரவன்ல அதுதான் ஜாஸ்தி. அதுக்கு கிரீஸ் கிடையாது, பேக்கிங் கிடையாது, அதோட பெரிய நட்டு ஒரு தடவை கழட்டினா தூக்கிப் போட்டு புதுசு மாட்டணும், ஆல்-கோ கம்பெனி ஆக்சில்ல அது 290 நியூட்டன் மீட்டர் டைட். நம்ம வீட்டு ஸ்பேனர் வச்சு விளையாடற இடம் இல்ல அது. கீழே நான் எழுதறது எதுவும் அந்த வகைக்கு பொருந்தாது.

நீங்களே பண்ணலாமான்னா தாராளமா பண்ணலாம், முதல் சக்கரத்துக்கு அரை நாள் போகும், நாலாவது சக்கரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். டிரெய்லரை இழுக்கற வண்டியோட மாட்டியே வச்சிடுங்க, இழுக்கற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடுங்க, எதிர்ப்பக்க சக்கரங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை கொடுங்க. ஜாக்கியை ஆக்சில் குழாய்க்கு நடுவுல வைக்கவே வைக்காதீங்க, அந்த குழாய் வளைஞ்சா டயர் ஒரு பக்கமா தேயும், அப்புறம் அலைன்மென்ட்னு அலைவீங்க. ஃபிரேம்ல, ஆக்சில் மாட்டியிருக்கற இடத்துக்கு பக்கத்துல வைங்க, தூக்கினதும் ஸ்டாண்ட் கொடுத்துட்டு அப்புறம்தான் கை உள்ள போகணும், ஜாக்கியை நம்பி யாரும் கையை விடாதீங்க.

சக்கரத்தை கழட்டறதுக்கு முன்னாடியே ஒரு சோதனை இருக்கு. தூக்கின சக்கரத்தை மேலயும் கீழயும் புடிச்சு உள்ள வெளிய ஆட்டுங்க. லேசா, கையில படுமா படாதான்னு ஒரு அசைவு இருந்தா சரி. டக் டக்குனு சத்தம் கேக்கற ஆட்டம்னா லூஸ். அப்புறம் சுத்தி விட்டுட்டு ஒரு கையை ஸ்பிரிங் மேல வைங்க. நல்ல பேரிங்னா கைக்கு ஒண்ணும் தெரியாது, தேஞ்ச பேரிங்னா மணல் அரைக்கற மாதிரி ஒரு கொரகொரப்பு ஸ்பிரிங் வழியா கைக்கு வரும். காதை விட கை நல்லா சொல்லும், ஏன்னா பிரேக் ஷூ உரசற சத்தம் காதை குழப்பிடும். உங்க வலது முன் சக்கரத்துக்கு இதை கட்டாயம் பண்ணுங்க, சுத்தி விட்டதும் பாதியிலயே நின்னுச்சுன்னா மத்த சக்கரத்தோட ஒப்பிட்டு பாருங்க.

டஸ்ட் கேப்பை ஓரமா தட்டி எடுத்தா உள்ள நட்டு கழண்டுடாம தடுக்கற ஸ்ப்ளிட் பின், தலையில வெட்டு வெட்டா இருக்கற கேஸில் நட்டு, வாஷர், இந்த வரிசையில வரும். சில புது ஆக்சில்ல பின்னுக்கு பதிலா நட்டு மேல ஒரு தகடு மூடி மாதிரி லாக் இருக்கும், அதை நெம்பி எடுக்கணும். வெளி பேரிங் சட்டுனு முன்னாடி வந்து மண்ணுல விழும், விரலை வச்சு புடிச்சுக்கோங்க. டிரம்மை நேரா இழுங்க, வரலைன்னா ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டை கொஞ்சம் லூஸ் பண்ணிட்டு இழுங்க, சுத்தியலால வெறி புடிச்ச மாதிரி அடிக்காதீங்க. ஒவ்வொரு சக்கரத்து சாமானையும் தனித்தனி டப்பால போடுங்க. ஒரு பேரிங் எந்த கப்ல, அதாவது ஹப்புக்குள்ள பதிஞ்சிருக்கற வெளி வளையத்துல, ஓடி பழகிச்சோ அதே கப்லதான் திரும்ப போகணும், மாத்தி போட்டா ரெண்டும் கெடும்.

இனிமேதான் முக்கியமான வேலை, கழுவறதுக்கு முன்னாடி கிரீஸை பாருங்க. கழுவிட்டா சாட்சி எல்லாம் போயிடும். கிரீஸ் கருத்திருந்தா பயப்படாதீங்க, ஓடின கிரீஸ் கொஞ்சம் கருக்கத்தான் செய்யும். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா தண்ணி போயிருக்கு, சீல் தப்பு. நிறைய தூரம் ஓடி சூடா இருக்கற ஹப் தேங்கின மழைத்தண்ணிக்குள்ள இறங்கினா உள்ள இருக்கற காத்து சுருங்கி தண்ணியை உள்ள இழுத்துக்கும், அப்படியும் நடக்கும். ரெண்டு விரலுக்கு நடுவுல எடுத்து தேச்சு வெளிச்சத்துல காட்டுங்க, மினுமினுன்னு வெள்ளித்தூள் மாதிரி தெரிஞ்சா இரும்பு உதிருது, அந்த பேரிங் முடிஞ்சது. வறண்டு தார் மாதிரி ஒட்டிக்கிட்டு எரிஞ்ச வாசம் வந்தா அது சூட்டுல வெந்த கிரீஸ்.

அப்புறம் மண்ணெண்ணெய்ல கழுவுங்க. பெட்ரோல் வேண்டவே வேண்டாம், கையும் கெடும், பத்திக்கவும் பத்திக்கும். கழுவின பேரிங்கை கம்ப்ரெசர் காத்துல ஊதி விர்ருனு சுத்த விடறது சில பேருக்கு விளையாட்டு. உள்ள கிரீஸ் இல்லாம அந்த வேகத்துல சுத்தினா ரோலர், அதைப் புடிச்சு வச்சிருக்கற கேஜை விட்டு தெறிச்சு கண்ணுல அடிக்கும். துணியால ஒத்தி எடுத்து காய வைங்க, நூல் உதிராத துணி.

காஞ்சதும் ஒவ்வொரு ரோலரா வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. ரோலர் மேல, கப் மேல நகத்தை வச்சு ஓட்டுங்க, நகம் எங்கயாவது தட்டினா அது குழி, பேரிங் மாத்தணும். லேசா வைக்கோல் கலர் இருந்தா பழைய சூடு, மேற்பரப்பு வழவழன்னு இருந்தா விட்டுடலாம், ஆனா நீலம் பாய்ஞ்சிருந்தா அந்த இரும்போட பதம் போயிடுச்சு, யோசிக்காம மாத்துங்க. கேஜ் நசுங்கியிருந்தாலும், ரோலர் கேஜுக்குள்ள கடகடன்னு ஆடினாலும் அதே தீர்ப்புதான். மாத்தறதுன்னா கோனும், அதாவது ரோலரோட இருக்கற உள் பாகமும், கப்பும் சேத்துதான் மாத்தணும், கோன் மட்டும் புதுசு போட்டு கப்பை விடறவங்க ரெண்டு வேலைக்கு ஒரு வேலையா பண்ணதா நினைச்சுக்குவாங்க, அடுத்த சீசனுக்குள்ள திரும்ப வருவாங்க. பேரிங் முகத்துலயே நம்பர் பொறிச்சிருக்கும், அதை எழுதிட்டு போய் வாங்குங்க. 3,500 பவுண்டு, அதாவது சுமார் 1,590 கிலோ ஆக்சிலுக்கு பெரும்பாலும் உள்ள எல் 68149, வெளிய எல் 44649 இருக்கும், இருந்தாலும் என் நம்பரை நம்பாதீங்க, உங்க பேரிங்ல இருக்கற நம்பரை நம்புங்க. ஸ்பிண்டிலையும் துடைச்சு பாருங்க, கோன் உள்வளையம் கையால தள்ளினா வழுக்கிட்டு போய் உக்காரணும். அங்க சுத்தி சுத்தி கீறல் இருந்தா பேரிங் ஸ்பிண்டில் மேலயே சுத்தியிருக்குன்னு அர்த்தம், அப்ப இது உங்க கை வேலை இல்ல, ஆக்சில் ஆளுகிட்ட காட்டுங்க.

ஒரு தடவை என்கிட்ட இழுத்துட்டு வந்த ஒரு டிரெய்லர்ல ஹப் கழட்டவே முடியல. உள் பேரிங் ஸ்பிண்டிலோட வெல்டிங் வச்ச மாதிரி ஒட்டிடுச்சு, ஸ்பிண்டில் கழுத்து முழுக்க மயில் கழுத்து கலர். ஓனர் பாவம், கிளம்பறதுக்கு முந்தின வாரம்தான் புது பேரிங் போட்டு புது கிரீஸ் வச்சிருக்கார், சாமானும் நல்ல சாமான். என்ன பண்ணீங்கன்னு கேட்டா, "சக்கரம் கழண்டுடக் கூடாதேன்னு நட்டை நல்லா ஏறி மிதிச்சு டைட் பண்ணேன்"ங்கறார். வீல் நட்டுக்கும் பேரிங் நட்டுக்கும் வித்தியாசம் யாரும் அவருக்கு சொல்லல.

அந்த வித்தியாசத்தை சொல்லிடறேன். டேப்பர் ரோலர்ங்கறது கூம்பு மாதிரி சரிஞ்ச ரோலர், கூம்பு மாதிரி சரிஞ்ச கப்புக்குள்ள உக்காரும். குதிரை வண்டி செஞ்சுட்டு இருந்த ஹென்றி டிம்கன் 1898-ல பேடன்ட் வாங்கின ஐடியா, இன்னிக்கு வரைக்கும் மாறல. நேரா வர்ற எடையையும் தாங்கும், திரும்பறப்ப பக்கவாட்டுல தள்ளற எடையையும் தாங்கும், அதனாலதான் ரெண்டு பேரிங் எதிரெதிரா பாத்து உக்காந்திருக்கு. ரெண்டு ஆக்சில் டிரெய்லர் நெருக்கமா திரும்பறப்ப டயர் தரையில பக்கவாட்டா இழுபட்டு கதறும் பாருங்க, அந்த தள்ளு முழுக்க இந்த கூம்புதான் வாங்குது. ஆனா கூம்புக்குள்ள கூம்பை நட்டு வச்சு அமுக்க அமுக்க இறுகிக்கிட்டே போகும், சூடானா இரும்பு விரியும், விரிஞ்சா இன்னும் இறுகும், இறுகினா இன்னும் சூடு. அந்த மனுஷனுக்கு நடந்தது அதுதான்.

சரியான முறை இது. எல்லாம் மாட்டின அப்புறம் டிரம்மை கையால சுத்திக்கிட்டே நட்டை சுமார் 68 நியூட்டன் மீட்டர், அதாவது 50 அடி-பவுண்டு வரைக்கும் டைட் பண்ணுங்க. இது பேரிங்கை கப்புல நல்லா உக்கார வைக்கவும் நடுவுல தேங்கின கிரீஸை பிதுக்கவும் மட்டும்தான், இதோட விட்டுட்டு போனா செத்தீங்க. அப்புறம் நட்டை முழுசா லூஸ் பண்ணுங்க, லூஸ் பண்றப்ப டிரம்மை சுத்தாதீங்க. இப்ப ஸ்பேனரை கீழ வச்சுட்டு வெறும் விரலால நட்டை திருகுங்க, விரல் நிக்கற இடத்துல நிறுத்துங்க. பின் ஓட்டை நேரா வந்தா பின்னை போடுங்க, வரலைன்னா அடுத்த வெட்டு வர்ற வரைக்கும் நட்டை பின்னாடி, கவனிங்க, பின்னாடி, லூஸ் பக்கமா திருப்புங்க. பின் போட்ட அப்புறம் நட்டை விரலால ஆட்டினா பின் தடுக்கற அளவுக்கு லேசா அசையணும். முதல் தடவை பண்றவங்களுக்கு மனசு ஒப்பாது, இவ்வளவு லூஸா விட்டா சக்கரம் போயிடாதான்னு தோணும். போகாது, சக்கரத்தை புடிச்சு வைக்கறது அந்த பின்தான், நட்டோட இறுக்கம் இல்ல. அதனாலதான் பின்னை ஒவ்வொரு தடவையும் புதுசு போடணும், பழசை நிமித்தி திரும்ப வளைச்சா அந்த வளைவுலயே ஒடியும், இதுல போய் மிச்சம் புடிக்காதீங்க.

பேக்கிங்குக்கு திரும்ப வர்றேன், வரிசை மாறிப் போச்சு. உள்ளங்கையில ஒரு உருண்டை கிரீஸ் வச்சுக்கோங்க, பேரிங்கோட அகலமான பக்கத்தை உள்ளங்கையில இருக்கற கிரீஸ் ஓரத்துல அழுத்தி அழுத்தி இழுங்க, கிரீஸ் ரோலருக்கு நடுவுல ஏறி குறுகின பக்கத்துல சின்ன சின்ன புழு மாதிரி எட்டிப் பாக்கணும். பாத்ததும் கொஞ்சம் திருப்பிட்டு அடுத்த இடம், இப்படியே முழு சுத்து. மேல மட்டும் பூசி கொழகொழன்னு காட்டினா அது பேக்கிங் இல்ல, அலங்காரம். கப்புல ஒரு பூச்சு, ஹப் உள்பக்கம் துரு புடிக்காம இருக்க ஒரு மெல்லிசு பூச்சு, போதும். கையால பேக் பண்ணா ஹப் வயித்தை ரொப்பணும்னு அவசியம் இல்ல, அளவுக்கு மீறி அடைச்சா சுத்தறப்ப கிரீஸ் கடைபட்டு அதுவே சூடாக்கும்.

கிரீஸ் எதுன்னா, லித்தியம் காம்ப்ளெக்ஸ், என்எல்ஜிஐ 2 கெட்டித்தன்மை, டப்பாவுல ஜிசி-எல்பின்னு முத்திரை இருக்கணும். ஜிசி வீல் பேரிங்குக்கு, எல்பி சேசிஸுக்கு. உருகற சூடு, அதாவது டிராப்பிங் பாயின்ட், 220 டிகிரி செல்சியஸுக்கு மேல இருக்கறதா பாருங்க, பிரேக் டிரம்மும் ஹப்பும் ஒரே துண்டா இருக்கறதால பிரேக் சூடு நேரா கிரீஸுக்குத்தான் வரும். சிவப்பு நல்லதா நீலம் நல்லதான்னு கேக்காதீங்க, கலர் சும்மா சாயம். ஆனா வகை மாத்தி கலக்காதீங்க, லித்தியம் வகையும் பாலியூரியா வகையும் சேந்தா சில சமயம் ரெண்டும் தண்ணியா இளகி சீல் வழியா ஒழுகும். உங்க பழைய ஓனர் என்ன போட்டார்னு உங்களுக்கு தெரியாது, நீங்க மேலயே அடிச்சிருக்கீங்க, அந்த இடது பக்க ஒழுகலுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அதனால இந்த தடவை நாலு சக்கரத்தையும் சுத்தமா கழுவிட்டு ஒரே வகையில ஆரம்பிங்க, எதை போட்டீங்கன்னு டிரெய்லர் கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிடுங்க.

சீல் எப்பவும் புதுசு. ரெண்டு உதடு இருக்கற வகையா வாங்குங்க, ஸ்பிரிங் தெரியற பக்கம் ஹப்புக்கு உள்ள பாத்து இருக்கணும், உதட்டுல லேசா கிரீஸ் தடவுங்க. ஒரு தட்டையான கட்டையை மேல வச்சு சுத்தி சுத்தி மெதுவா தட்டி சமமா உக்கார வைங்க, ஒரு பக்கம் சாஞ்சா அன்னிக்கே ஒழுகும். இங்க நான் ஒரு உண்மையை ஒத்துக்கணும். தொழில் கத்துக்கிட்ட புதுசுல சீலை அவ்வளவு அழகா, ஒரு கோணல் இல்லாம தட்டி உக்கார வச்சுட்டு பெருமையா திரும்பிப் பாத்தேன், உள் பேரிங் டேபிள் மேல உக்காந்து என்னையே பாத்துட்டு இருக்கு. சீலுக்கு முன்னாடி பேரிங்கை உள்ள வைக்கணும்ல. அந்த சீலை பேத்து எடுத்தா திரும்ப ஆகாது. அதனால இன்னிக்கு வரைக்கும் ரெண்டு சீல் கூடுதலா வாங்கி வச்சுட்டுதான் வேலையை ஆரம்பிப்பேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க.

இப்ப உங்க இடது பின் சக்கரம். கிரீஸ் குடிச்ச ஷூவை பிரேக் கிளீனர் போட்டு கழுவலாமா, தீயில வாட்டலாமான்னு கேக்காதீங்க. லைனிங் பஞ்சு மாதிரி உறிஞ்சி வச்சிருக்கும், கழுவினா அன்னிக்கு நல்லா இருக்கும், சூடானதும் உள்ள இருந்து திரும்ப கசியும். ஷூவை மாத்துங்க, அதே ஆக்சிலோட எதிர்ப்பக்க ஷூவையும் சேத்து மாத்துங்க, இல்லேன்னா புதுசும் பழசும் வேற வேற மாதிரி புடிச்சு திரும்பவும் இழுக்கும். எலக்ட்ரிக் பிரேக்தான்னா மேக்னட்டோட முகத்தையும், அது உரசற டிரம்மோட உள்பக்க தட்டை முகத்தையும் பிரேக் கிளீனரால சுத்தமா துடைங்க. டிரம்முக்குள்ள இருக்கற தூசியை கம்ப்ரெசரால ஊதாதீங்க, மூச்சுக்குள்ள போற தூசி அது.

வீல் நட்டு சீக்கிரம் முடிச்சுடறேன். அரை இஞ்ச் ஸ்டட்னா பொதுவா 90-லேருந்து 120 அடி-பவுண்டு, நியூட்டன் மீட்டர்ல 122-லேருந்து 163. எதிரெதிர் நட்டா மாத்தி மாத்தி மூணு கட்டமா ஏத்துங்க, முதல் 16 கிலோமீட்டர்ல, அப்புறம் 40-ல, 80-ல நிறுத்தி, இறுக்கத்தை அளந்து காட்டற டார்க் ரெஞ்ச் வச்சு திரும்ப பாருங்க. உங்க ரிம்முக்கு புத்தகத்துல வேற நம்பர் போட்டிருந்தா அதுதான் சரி.

சூடு பத்தி கேட்டீங்க. எல்லாரும் ஒரு நம்பர் எதிர்பாக்கறாங்க, நான் நம்பர் கொடுக்கறதில்ல, ஏன்னா வெயில், வேகம், எடை, எவ்வளவு பிரேக் போட்டீங்கன்னு எல்லாம் சேந்துதான் சூடு. நாலு சக்கரத்தையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுங்க, அதுதான் பாக்க வேண்டிய விஷயம். ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்குங்க, ஹப் நடுவுல, டஸ்ட் கேப்புக்கு பக்கத்துல, நாலுலயும் ஒரே இடத்துல காட்டுங்க. பளபளன்னு இருக்கற குரோம் மூடி மேல காட்டினா தப்பா காட்டும், பெயின்ட் இருக்கற இடமா பாருங்க. இறக்கத்துல பிரேக் போட்டு வந்த உடனே பாக்காதீங்க, சமமான ரோட்ல நல்லா ஓடிட்டு மெதுவா வந்து நின்னு பாருங்க. வெயில் படற பக்கம் ரெண்டும் கொஞ்சம் கூட இருக்கும், அது சகஜம். ஒண்ணு மட்டும் மத்ததை விட 20, 30 டிகிரி தாண்டி நின்னா அங்க விஷயம் இருக்கு. கருவி இல்லேன்னா புறங்கையை முதல்ல கிட்ட கொண்டு போய் பாத்துட்டு அப்புறம் தொடுங்க, நேரா உள்ளங்கையை வச்சு அப்பாதீங்க. புதுசா பேக் பண்ண ஹப் முதல் ஓட்டத்துல கொஞ்சம் கூடுதல் சூடு காட்டும், கிரீஸ் இடம் புடிச்சதும் இறங்கிடும்.

உங்க வலது முன் சக்கரத்துல என்ன கோளாறுன்னு பிரிக்காமயே ஓரளவு ஊகிக்க ஒரு வழி இருக்கு. அதே மாதிரி சமமான ரோட்ல பிரேக் அதிகம் தொடாம ஓட்டிட்டு பாருங்க, ஹப் நடுவை விட டிரம்மோட வெளி வட்டம் ரொம்ப சூடா இருந்தா ஷூ ஒட்டுது, நடு இடம்தான் ஜாஸ்தின்னா பேரிங்கோ நட்டோ. ஆனா இதுக்காக தனியா ரொம்ப தூரம் ஓட்டாதீங்க, வீட்டு பக்கத்துலயே காலி வண்டியா, மெதுவா, ஏன்னா உங்களுக்கு இப்ப ஒரு சக்கரத்துல பிரேக்கே இல்ல.

அடுத்த மாச லீவு, கிளம்பலாம், ஆனா இந்த வேலை முடிஞ்ச அப்புறம். இந்த வாரம் வலது முன் சக்கரத்தையும் இடது பின் சக்கரத்தையும் பிரிங்க, ஷூவுக்கு ஆர்டர் போடணும்னா அதுக்கு நாள் வேணும். மீதி ரெண்டு அடுத்த வாரம். நாலும் முடிஞ்சதும் காலி வண்டியோட ஒரு 40 கிலோமீட்டர் ஓட்டிட்டு நாலையும் தொட்டுப் பாருங்க, வீல் நட்டையும் பாருங்க. கையோட ஒரு செட் உள் பேரிங், வெளி பேரிங், ஒரு சீல், நாலஞ்சு ஸ்ப்ளிட் பின், ஒரு டஸ்ட் கேப், எல்லாம் முன்கூட்டியே கிரீஸ் பேக் பண்ணி மூடி போட்ட டப்பால வச்சு டிரெய்லர்லயே போட்டுக்கோங்க. ரோட்டோரத்துல ராத்திரி நேரம் உங்க நம்பர் பேரிங் கிடைக்கறது கஷ்டம், கிடைச்சாலும் அதை அந்த மண்ணுல உக்காந்து பேக் பண்ற கஷ்டம் அதை விட பெருசு. வலது முன் சக்கரத்தை பிரிச்சதும் கிரீஸ் என்ன கலர்ல இருந்துச்சு, நட்டு விரலுக்கு அசைஞ்சுதா இல்ல ஸ்பேனர் போட்டுதான் கழண்டுச்சான்னு எனக்கு எழுதுங்க, கழுவறதுக்கு முன்னாடி ஒரு போட்டோவும் எடுத்து வச்சுக்கோங்க.